மாமா பெயரின் அகலம்

எனக்கு ராமசுப்ரமணியன் மாமா மீது கோபம் எதுவும் கிடையாது. அவருடைய பெயர் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கல்யாணம் முடிந்த இந்த ஒரு வாரமாகத் தெருவில் பல விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். அதனால் நடந்தது அத்தனையும் எழுத்தில் வேண்டும் என்று வெங்கடேஸ்வரன் சித்தப்பா கேட்டிருக்கிறார். சித்தப்பா வஞ்சியூர் கோர்ட்டில் முப்பத்தோரு வருஷம் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவர். டப்பாவில் வெல்லம் குறைந்திருந்தால்கூட இரண்டு பேரை விசாரித்துவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவார். யாரென்றே தெரியாத மூன்றாம் மனிதர் படித்தாலும் புரிய வேண்டும், பெயர், உறவுமுறை எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அப்படியே எழுதுகிறேன்.

என் பெயர் அனந்த். வயது முப்பத்து நான்கு. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இருப்பு வலியசாலை. தம்பானூரில் ஒரு லாட்ஜின் மூன்றாம் மாடியில் ஓர் அறை எடுத்து இணையதளங்கள் செய்து கொடுக்கிறேன். லாட்ஜுகள், கேட்டரிங்காரர்கள், விழிஞ்ஞத்தில் துறைமுகம் வந்த பிறகு வீட்டை வாடகைக்கு விட ஆரம்பித்தவர்கள், இவர்களுக்குத்தான் பெரும்பாலும்.

தொழிலைப் பற்றியும் நாலு வரி சொல்ல வேண்டும். ஓர் இணையப் பக்கத்தில் எது பெரிதாக இருக்க வேண்டும், எது நடுவில் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் சி.எஸ்.எஸ். என்ற மொழியில் எழுதுகிறோம். அதே பக்கம் கணினியில் விரிந்தும் கைபேசியில் ஒடுங்கியும் அழகாக நிற்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதினால் நாள்கணக்கில் ஆகும். நான் அந்த வேலைகளைச் சின்னச் சின்னச் சொற்களாக உடைத்து வைத்திருக்கிறேன். ஒரு சொல்லுக்கு ஒரு வேலை. ஒன்று எழுத்தைத் தடிமனாக்கும். ஒன்று ஓரத்தில் இடம் விடும். ஒன்று, ஒட்டிய இடத்தைக் கைபேசியில் மட்டும் மறைத்துவிடும். வேண்டிய சொல்லை வேண்டிய இடத்தில் ஒட்டினால் வேலை முடிந்தது. இப்படி நானூற்றுச் சொச்சம் சொற்கள் கொண்ட தொகுப்பு அது, எங்கள் தொழிலில் லைப்ரரி என்போம். சமையலில் போடுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதால் சிட்டிகை என்று பெயர் வைத்தேன்.

மூன்று வருஷ உழைப்பு. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டிருந்தேன். இரண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் நான். மற்றவர் மார்த்தாண்டத்தைச் சேர்ந்த லிபின். அவர் ஒரு சந்தேகம் கேட்டார். நான் பதினோரு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். அதற்குப் பிறகு அவர் தொடர்பில் இல்லை.

இந்த நிலைமையில்தான் சித்தப்பா மகள் ராஜஸ்ரீக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அபிஜித், ஆலப்புழைக்காரர், நல்ல பையன். பத்திரிகை அச்சடிக்க வேண்டாம், ஓர் இணையதளம் போதும், லிங்க் அனுப்பிவிடலாம் என்று ராஜஸ்ரீ சொன்னாள். வேலை என்னிடம் வந்தது. அதே வாரம் கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தும் ஷைலஜா மேடத்திடம் சிட்டிகையைப் பற்றிப் பேசியிருந்தேன். சிட்டிகையில் செய்த பக்கம் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள், கைபேசியில் திறந்து பார்க்கிறேன், பிடித்தால் எங்கள் வேலைக்கு உங்களையும் லைப்ரரியையும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். ராஜஸ்ரீயின் கல்யாணப் பக்கம் மாதிரி ஒரு பக்கம் எனக்கு மறுபடி கிடைக்குமா என்று தெரியவில்லை. அன்றைக்கு எனக்குச் சந்தோஷத்தில் சாப்பாடே இறங்கவில்லை.

இனி மாமா. ராமசுப்ரமணியன் மாமா, பாகீரதி சித்திக்கு ஒரே அண்ணா. ராஜஸ்ரீக்குத் தாய்மாமன். அரசாங்கத்தில் சூப்பரிண்டெண்டிங் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கரமனையில் வீடு. எங்கள் கல்யாணங்களில் மாலை மாற்றும்போது பெண்ணைத் தாய்மாமன்தான் தோளில் தூக்க வேண்டும். மாமாவுக்கு வயது அறுபத்து நான்கு, ராஜஸ்ரீயின் எடை ஐம்பத்தொன்பது கிலோ. அதனால் நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாளே மாமா பயிற்சியை ஆரம்பித்துவிட்டார். முதல் மாதம் காலி கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்து மொட்டை மாடிக்கு ஏறி இறங்கினார். இரண்டாம் மாதம் நிறை சிலிண்டர். ராஜஸ்ரீ பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கியவர் அவர்தான். அவளைத் தூக்கும் அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் ஓய்வு பெற்ற பிறகும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று பத்திரிகையின் அடியில் உறவினர் பெயர்கள் போடுவோம் இல்லையா, அந்தப் பட்டியலை மாமாதான் தயாரித்தார். வரைபடத் தாளில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டு எழுதிக் கொண்டுவந்தார். ஏழு பெயர்கள், கடைசியில் ‘மற்றும் உற்றார் உறவினர்’. அவருடைய பெயர் இப்படி இருந்தது: வலியசாலை கிருஷ்ணய்யர் ராமசுப்ரமணியன், பி.எஸ்ஸி. எஞ்சினியரிங், எஃப்.ஐ.இ., சூப்பரிண்டெண்டிங் எஞ்சினியர் (ஓய்வு).

“பேரை உடைச்சு ரெண்டு வரியாப் போடப்படாது, கேட்டியா அனந்தா. மங்கள காரியமாக்கும். வெங்கடேஸ்வரன் பேரைவிட ஒரு நூல் சின்னதாவும் ஆக்கப்படாது” என்றார்.

உடைக்கக் கூடாது, சுருக்கக் கூடாது. கைபேசித் திரையின் அகலம் சுமாராக முந்நூற்று அறுபது பிக்சல். மாமாவின் பெயர் ஐந்நூற்று எண்பது. மீதிப் பெயர் திரைக்கு வெளியே போய் நிற்கும். அப்போது விரல் பட்டால் பக்கம் முழுவதும் இடவலமாக ஆட ஆரம்பித்துவிடும். தொழில் தெரியாதவர்களுக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றாது. எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது. ஷைலஜா மேடம் விரலால் தொட்டதும் கல்யாண மண்டபம், நாதஸ்வரப் படம், பிள்ளையார் எல்லாம் பக்கவாட்டில் நழுவுவதை ஒரு தடவை கற்பனை செய்து பார்த்தேன். முடியவில்லை.

ஆகவே கைபேசியில் மறைக்கும் சொல்லை எடுத்து மாமாவின் மேல் ஒட்டினேன். இரண்டு விநாடி ஆயிற்று. கையால் எழுதியிருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும். சிட்டிகையின் சௌகரியம் அதுதான்.

அவசரத்தில் செய்த காரியம் இல்லை. மாமாவிடம் இருப்பது பட்டன் போன். மற்ற எல்லாவற்றுக்கும் முன் அறையில் இருபத்து நாலு அங்குலத் திரையோடு கணினி வைத்திருக்கிறார். அதில் திறந்தால் அவர் பெயர் முழுதாக, உடையாமல், சித்தப்பாவுக்குச் சமமான எழுத்தில் தெரியும். மற்றவர்கள் எல்லாரும் கைபேசியில் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பக்கம் ஆடாது. யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு என்றுதான் எனக்குத் தோன்றியது.

லிங்க் போன முதல் நாளே மாமா எனக்கு போன் செய்து பாராட்டினார். பெயர் கம்பீரமாக இருக்கிறது என்றார். இரண்டாம் நாளிலிருந்து அவருக்கு மற்ற போன்கள் வர ஆரம்பித்தன.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் உறவுக்காரர் மெதுவாக விசாரித்திருக்கிறார், தங்கை வீட்டோடு ஏதாவது மனஸ்தாபமா என்று. மாமா இல்லையே என்றார். பத்திரிகையில் உங்கள் பெயரைக் காணோமே என்று அவர் கேட்டார். மாமா சிரித்துவிட்டுத் திரையைப் பார்த்து முழுப் பெயரையும் பட்டங்களோடு வாசித்துக் காட்டினார். அவர் தன் கைபேசியை இன்னொரு தடவை பார்த்தாராம். பிறகு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த வாரம் இருபத்தாறு பேர் அப்படிக் கூப்பிட்டார்கள். மாமா இருபத்தாறு தடவையும் வாசித்துக் காட்டினார்.

பாகீரதி சித்தி தன் கைபேசியைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

“அண்ணா பேர் எங்கடா?” என்றாள்.

என் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். பெயர் இருந்தது. சித்தி தன் கைபேசியைப் பார்த்தாள், என் லேப்டாப்பைப் பார்த்தாள், மறுபடி கைபேசியைப் பார்த்தாள். கண்ணை ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது என்று சொன்னேன். அதை நான் சொன்னது உண்மை. அறுபது வயதுக்கு மேல் வருஷம் ஒரு தடவை காட்டத்தான் வேண்டும், அந்த ஆலோசனையில் தவறு எதுவும் இல்லை. சித்தி கண் டாக்டரிடம் போனாள். புதுக் கண்ணாடி வாங்கினாள். அதைப் போட்டுக்கொண்டும் மாமா தெரியவில்லை என்றதும் கைபேசியைப் பாத்திரம் தேய்க்கும் திரவத்தால் துடைத்தாள். அதிலிருந்து அந்தக் கைபேசியில் யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி கேட்கிறது.

கண்ணில் குறை இல்லை என்று ஆனதும் குறை மாமாவிடம்தான் என்று குடும்பம் முடிவு செய்தது. ஓய்வு பெற்ற பிறகு சிலருக்கு இப்படி ஆகும், பெயருக்கு முன்னும் பின்னும் இருந்த மரியாதை போய்விட்ட ஏக்கத்தில் இல்லாததெல்லாம் தெரியும் என்று சித்தப்பா எங்கேயோ படித்திருந்தார். மாமாவின் மனைவி சூடாமணி மாமி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவளும் அதே கணினியில்தான் பார்த்திருந்தாள். ஆகவே அவளையும் சேர்த்து டாக்டரிடம் அழைத்துப் போனார்கள்.

டாக்டரிடம் கையடக்கமாக ஒரு டேப்லெட் இருந்தது. அதை நிறுத்தி வைத்துப் பார்த்தார். பெயர் இல்லை. மாமா பொறுமையாக, இன்னொரு தடவை பாருங்கள் டாக்டர் என்றார். அவர் அதைப் படுக்கை வசமாகத் திருப்பினார். அகலம் கூடியதால் பெயர் வந்துவிட்டது. நிறுத்தினார், போய்விட்டது. திருப்பினார், வந்துவிட்டது. டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாமாவைக் காப்பியைக் குறைக்கச் சொன்னார். டாக்டரும் காப்பியை நிறுத்திவிட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

இவ்வளவு நடக்கும்போது நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று சித்தப்பா கேட்கிறார். நியாயமான கேள்வி. ஷைலஜா மேடத்துக்கும் லிங்க் அனுப்பியிருந்தேன், அவர் அதுவரை திறக்கவில்லை. அவர் திறந்து பார்க்கும்வரை பக்கத்தில் கைவைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

கைவைக்கக் கூடாது என்று சொன்னாலும், ஓரிரண்டு சிறு திருத்தங்கள் செய்தேன். ஏழு பெயரில் மாமா போனதும் ஆறு ஆனது. மாமாவுக்குப் பின்னால் வந்த ‘திருமதி சூடாமணி’ கணவர் இல்லாமல் தனியாக நின்றது பார்க்கக் கஷ்டமாக இருந்ததால் அவரையும் எடுத்தேன். ஐந்தை இரண்டிரண்டாக அடுக்க முடியாது. மாப்பிள்ளை வீட்டில் ஓர் அத்தை கணவர், அவரையும் மறைத்தேன். இன்னும் குறுகலான கைபேசிகள் சில இருக்கின்றன, அவற்றில் நாலு பேரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் காற்றோட்டம் வேண்டும் என்று தோன்றியது. காற்றோட்டம் வந்த பிறகு அந்த அகலத்தில் யாரும் மிஞ்சவில்லை. ஆளே இல்லாமல் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று தலைப்பு மட்டும் நிற்பது அபசகுனம் என்பதால் அந்த இடத்தில் ஒரே ஒரு சின்னப் பெயரைப் போட்டேன். அனந்த். நாலே எழுத்து, அதில் இரண்டு புள்ளி. எந்தத் திரையிலும் உடையாது.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் ஷைலஜா மேடம் போன் செய்தார். பக்கம் கண்மூடித் திறப்பதற்குள் திறக்கிறது, துளிக்கூட ஆடவில்லை, இவ்வளவு சுத்தமான பக்கத்தைப் பார்த்ததே இல்லை என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. பிறகு மலையாளத்தில், கல்யாண வாழ்த்துகள் அனந்த், கண்டிப்பாக வருகிறேன் என்று சொன்னார். அவருடையது மடக்குகிற கைபேசி. மடித்த நிலையில் அதன் அகலம் மிகவும் குறைவு. நான் பார்த்தவற்றிலேயே குறைவு.

நான் நன்றி சொன்னேன். ஒருவர் மனதார வாழ்த்தும்போது மறுத்துப் பேசுவது மரியாதையில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சித்தியும் சித்தப்பாவும் கரமனைக்குப் போனார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். உடம்பு இப்படி இருக்கும்போது பெண்ணைத் தூக்க வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்ல வேண்டியிருந்தது. தூக்கும்போது அங்கே இல்லாத யாரையாவது பார்த்து நின்றுவிட்டால் பெண் கீழே விழுந்துவிடும் என்பது அவர்கள் பயம். சித்தி அழுதுகொண்டே சொன்னாள். மாமா கேட்டுக்கொண்டார். நிறை சிலிண்டர் மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்தது. சித்தியும் சித்தப்பாவும் மாமியோடு உள்ளே போன பிறகு மாமா என் பக்கம் திரும்பினார்.

“ஊர் முழுக்க நான் இல்லேங்கறது. எனக்கு மட்டும் நான் இருக்கேன். இதுல யாருக்கு உடம்பு சரியில்லேன்னு நீயாவது சொல்லுடா” என்றார்.

எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் என்ன என்று யோசித்தேன். எடுத்தால் பக்கம் ஆடும் என்பது ஞாபகம் வந்தது.

கல்யாணத்தன்று காலை மாமா வரவில்லை. முன் அறையில் கணினிக்கு எதிரே உட்கார்ந்து தன் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே மண்டபத்தில் அபிஜித் குடையும் விசிறியுமாகக் காசியாத்திரைக்குக் கிளம்பினார். மாமாவுக்குப் பதிலாக யாரோ ஒரு பெரியப்பா தூக்கப்போகிறார் என்பது அப்போதுதான் ராஜஸ்ரீயின் காதுக்குப் போயிருக்கிறது. பட்டுப்புடவையோடு பின்வாசல் வழியாக வெளியே வந்து எங்கள் தெரு ஆட்டோக்காரர் மைதீனின் வண்டியில் ஏறிவிட்டாள். சித்தப்பா சடங்குப்படி அபிஜித்தின் கையைப் பிடித்து, காசிக்குப் போக வேண்டாம், என் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி அழைத்து வந்தார். பார்த்தால் பெண்ணைக் காணோம். அபிஜித் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

கரமனையில் நடந்ததை மைதீன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், வேண்டுமானால் சாட்சி சொல்வார். ராஜஸ்ரீ மாமாவைக் கூப்பிட்டாள். மாமா வரமாட்டேன் என்றார். அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கே உங்கள் பெயர், எனக்கும் காட்டுங்கள் என்றாள். அவர் காட்டினார். அவள் தன் கைபேசியில் பார்த்தாள். திரையிலிருந்த ஜன்னலின் ஓரத்தைப் பிடித்துக் கைபேசி அகலத்துக்கு இழுத்துக் குறுக்கினாள். மாமா மறைந்துவிட்டார். விரித்தாள், வந்துவிட்டார்.

மாமா மறுபடியும் செய்யச் சொன்னார். நாலு தடவை செய்யச் சொன்னாராம். பிறகு எழுந்து போய் முகம் கழுவி, பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு வந்தார். அழுதாரா என்று மைதீனிடம் கேட்டேன். முகம் கழுவியிருந்ததால் தெரியவில்லை என்றார்.

அவர்கள் மண்டபத்துக்குத் திரும்பிய அதே நேரத்தில்தான் ஷைலஜா மேடமும் வந்து சேர்ந்தார். கையில் பூங்கொத்து, பெரிய பரிசுப் பெட்டி, அதன் மேல் என் பெயர். வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த சித்தப்பாவிடம், மாப்பிள்ளை அனந்த் எங்கே என்று கேட்டிருக்கிறார். அனந்த் மாப்பிள்ளை இல்லையே என்று சித்தப்பா சொன்னதும் மேடம் தன் கைபேசியை எடுத்து நீட்டினார். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அந்தத் திரையில் மாமா இல்லை. சித்தப்பாவும் இல்லை. சித்தி இல்லை. ராஜஸ்ரீயும் அபிஜித்தும்கூட இல்லை, ஏனென்றால் இருவரின் பெயரும் அப்பா பெயர்களோடு சேர்ந்து அந்த அகலத்துக்குச் சற்றுக் கூடுதல். பிள்ளையார், முகூர்த்த நேரம், நல்வரவை விரும்பும் அனந்த். அடியில், இந்தப் பக்கம் சிட்டிகையால் ஆனது, ஆக்கம் அனந்த்.

சித்தப்பா பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்தார். முதலில் கல்யாணம் நடக்கட்டும், விசாரணை பிறகு என்று இருந்துவிட்டார்.

மாமா ராஜஸ்ரீயைத் தூக்கினார். நான் மூலையில் நின்று பார்த்தேன். சிலிண்டர் பயிற்சி வீண்போகவில்லை, மாலை மாற்றி முடிந்த பிறகும் இறக்க மனமில்லாமல் மேடையை இரண்டு சுற்று சுற்றினார். சித்தி புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஷைலஜா மேடம் பூங்கொத்தை ராஜஸ்ரீயிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார். சிட்டிகை நல்ல லைப்ரரி என்றும், இலவசம் என்பதால் அதை எடுத்துக்கொள்வதாகவும், என்னை எடுத்துக்கொள்ளும் உத்தேசம் இப்போது இல்லை என்றும் மறுநாள் செய்தி அனுப்பினார்.

விசாரணை ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக் கூடத்தில் நடந்தது. அபிஜித் பக்கத்தைத் தன் லேப்டாப்பில் நகல் எடுத்து, அந்த நகலில் பெயரை மட்டும் ஒரு வரியில் விட்டுப் பட்டங்களை அடுத்த வரியில் இறக்கினார். பத்து விநாடி ஆகியிருக்கும். கைபேசி அகலத்தில் கச்சிதமாக நின்றது, ஆடவில்லை. பட்டங்களைக் கீழே இறக்க எனக்கென்ன ஆட்சேபணை, பெயரை உடைக்காதே என்றுதானே சொன்னேன் என்று மாமா கேட்டார். இந்த வழி உனக்குத் தெரியாதா என்று சித்தப்பா என்னைக் கேட்டார்.

தெரியும். கோர்ட்டுக்கு எழுதுவதாக வைத்துக்கொண்டு எழுதுவதால் ஒளிக்கவில்லை. சிட்டிகையில் அதற்கும் ஒரு சொல் இருக்கிறது.

அப்படியானால் ஏன் செய்தாய் என்று கேட்டார்கள். அகலம், திரை, ஆட்டம் என்று நான் மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். மாமா கொண்டுவந்த அந்த வரைபடத் தாள் சித்தப்பாவின் ஃபைலில் இருந்தது. மாமா அதை வாங்கி ஏழு பெயரையும் விரலால் தொட்டுக்கொண்டே படித்தார். ஏழாவதற்குக் கீழே வந்ததும் விரல் நின்றுவிட்டது.

அந்தப் பட்டியலில் என் பெயர் கிடையாது. நான் ‘மற்றும் உற்றார் உறவினரில்’ இருந்தேன். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. தாராளமான சொற்றொடர் அது, நானூறு பேர் வசதியாக இருக்கலாம். ராஜஸ்ரீக்குச் சைக்கிள் விடக் கற்றுக் கொடுத்தது நான்தான் என்றோ, அப்பா போன பிறகு எனக்கு இருக்கும் ஒரே வீடு சித்தப்பா வீடுதான் என்றோ, முப்பத்து நாலு வயது வரை எந்தப் பத்திரிகையிலும் என் பெயர் வந்ததில்லை என்றோ நான் யாரிடமும் சொன்னதில்லை. அதையெல்லாம் அந்தத் தாளைப் பார்த்தபோது நினைத்ததுகூட இல்லை. மாமா என்னிடம் நீட்டியதும் வாங்கிக்கொண்டேன். இரண்டு தடவை படித்தேன். மடித்துப் பையில் வைத்தேன்.

“உன் பேரை விட்டது என் தப்பாக்கும்” என்றார் மாமா. “ஒரு வார்த்தை பறஞ்சிருக்கலாமேடா. போட்டுக்கோ. என் பேருக்கு அடுத்தாப்போலயே போட்டுக்கோ.”

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு பெரிய மனுஷன் இப்படிச் சொல்கிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. பாஸ்வேர்டு என்னிடம் மட்டுமே இருப்பதால் மாற்றத்தை நானே செய்துவிடுவதாக வாக்குக் கொடுத்தேன். கல்யாணம் முடிந்தாலும் போட்டோக்களுக்காக அந்தப் பக்கத்தை எல்லாரும் தினமும் திறந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

சொன்னபடி நேற்று செய்துவிட்டேன். மாமாவின் பெயருக்கு அடுத்ததாகவே என் பெயரைப் போட்டேன், அவர் வாயால் சொன்ன இடம். இரண்டு பெயரும் ஒரே வரியில் வருகிறபோது அகலம் லேசாக இடிக்கத்தான் செய்தது, சமாளித்துவிட்டேன். என் பெயர் இப்போது எல்லாத் திரைகளிலும் தெரிகிறது. மாமாவின் பெயரும் முழுதாக, உடையாமல், பட்டங்களோடு இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் கணினியில் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.